பச்சை வயர்

அத்தியாயம் பதினொன்று

ஆறுமுகநயினாரைத் தைக்காட்டுச் சுடுகாட்டில் எரித்து, சாம்பல் அள்ளும் காடாத்தும் முடிந்து, ஊரிலிருந்து வேனில் வந்த சொந்தக்காரர்கள் அதே வேனில் திரும்பிப் போய்விட்டார்கள். போகும்போது ஆளாளுக்கு ஒரு சந்தேகத்தை வீட்டில் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். இப்போது வீட்டில் மிஞ்சியிருப்பது மூன்று பேர். அந்த மனுஷனைச் சாகவிட்டது யார் என்பதுதான் அந்த மூன்று பேருக்கும் நடுவில் கிடக்கிற கேள்வி.

விட்ட இடத்தை ஒருதரம் தொட்டுக்கொள்வோம். மலையாளம் பேசுகிற ஊரில், ஸ்ரீவராகம் குளத்துக்குப் பின்புறம் ஓட்டு லைன் வீடு. வாழ்நாள் முழுக்கக் கிரானைட் அறுத்த ஆறுமுகநயினாருக்கு நெஞ்சு முழுக்கக் கல்தூசி. கட்டிலோடு கிடந்தார். ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தால்தான் மூச்சு. அவரைப் பார்த்துக்கொண்ட பேச்சிக்கோ இரண்டு காதும் கேட்காது. மூத்தவள் அனுஷா கைக்குழந்தையாக இருக்கும்போது வந்த மூளைக்காய்ச்சலில் போன காது அது. புருஷன் கூப்பிட்டால் தெரிய வேண்டுமே என்றுதான் மகன் செல்வகணேஷ் வீட்டைச் சுற்றி லைட் கட்டினான். கட்டிலில் கிடக்கிற சுவிட்சை அமுக்கினால், படுக்கையறையில் தொடங்கி அடுக்களை வழியாகப் பின்பக்கம் துவைகல் வரைக்கும் சிவப்பு வெளிச்சம் ஓடும். பேச்சி எங்கே நின்றாலும் பார்த்துவிட்டு ஓடி வந்து, சுவிட்சை இன்னொரு தடவை அமுக்கி நிறுத்துவாள்.

அவர் போன அன்று செல்வா கல்லாற்றில் லைட் கட்டுகிற வேலையில் இருந்தான். அனுஷா களியக்காவிளையில் புருஷன் வீட்டில் இருந்தாள். பேச்சி மட்டும்தான் வீட்டில். ஏன் பார்க்கவில்லை என்று கேட்ட அத்தனை பேரிடமும் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"தூங்கிட்டேன்."

அந்த ஒரு சொல்லை அனுஷாவால் விழுங்க முடியவில்லை.

இன்று காலை பேச்சி கடுங்காப்பி போட்டு எடுத்துவந்து மகளிடம் நீட்டினாள். அனுஷா டம்ளரை வாங்காமல் தரையைப் பெருக்கிக்கொண்டே போனாள். பேச்சி நீட்டிய கையோடு பின்னாலேயே போனாள். பார்க்கச் சகிக்கவில்லை செல்வாவுக்கு.

"எக்கா, வாங்கிக் குடியேன்."

அனுஷா நிமிர்ந்தாள். அம்மா முகத்தைப் பார்த்தபடியே தம்பிக்கு மலையாளத்தில் பதில் சொன்னாள். "அம்மயோடு ஞான் இனி மிண்டில்லா."

அம்மாவோடு இனிப் பேச்சில்லை என்கிறாள். அம்மா எதிரிலேயே நிற்கிறாள், ஒன்றும் புரியாமல்.

இந்த வீட்டில் இது பழைய பழக்கம். பேச்சி உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள், ஆனால் தமிழ் உதட்டை மட்டும்தான். சங்கரன்கோவிலிலேயே காது போய்விட்ட பிறகுதான் இந்த ஊருக்கு வந்தாள். மலையாளம் அவள் காதில் ஒரு தடவைகூட விழுந்ததில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தார்கள். பரீட்சையில் தோற்றதும் காதலித்ததும் அம்மாவுக்குத் தெரியக்கூடாத எல்லாமும் அந்த வீட்டில் மலையாளத்தில்தான் நடந்தன. அப்போது அது விளையாட்டு. இப்போது அதையே எடுத்து அனுஷா அம்மாவைக் குத்துகிறாள்.

"என்ன சொல்லுதா?" என்று பேச்சி மகனைக் கேட்டாள். அவள் குரல் எப்போதுமே நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"காப்பி வேண்டாமாம்மா. வயித்துல எரிச்சலாம்."

பேச்சி தலையாட்டிவிட்டு டம்ளரோடு பின்பக்கம் போனாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

"பதினாறு கழியட்டும், நான் போயிருவேன்," என்று அனுஷா தமிழுக்கு மாறினாள். "அதுக்குப் பொறவு எனக்கு அம்மைன்னு ஒருத்தி இல்ல. நீ வேணும்னா வச்சுக் கும்பிடு."

"தூக்கம் வராதா மனுஷிக்கு? எத்தன நாளு முழிச்சுக் கெடந்திருப்பா?"

"வரும்லே. எனக்கும் வரும். தலைக்கு மேல செவப்பு லைட்டு ஓடும்போதும் தூங்குவியா நீ? அவ படுத்துக் கெடக்கிற பாயிக்கு நேர மேலதானல நீ லைட்ட ஒட்டியிருக்க? செத்த பொணம்கூட எந்திரிச்சிரும்."

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தில் எரிந்த விளக்கைப் பார்த்து உடைந்து அழுதாள். அனுஷா கெட்டவள் இல்லை. அப்பாவின் செல்லம். களியக்காவிளையிலிருந்து வாரம் தவறாமல் பஸ் ஏறி வந்து அவருக்கு நகம் வெட்டிவிட்டுப் போனவள். அவளுடைய துக்கத்துக்கு யாராவது ஒரு ஆள் வேண்டியிருந்தது, அம்மா கையில் கிடைத்தாள்.

ஆனால் அவள் கேட்டது செல்வாவின் மண்டையில் தைத்துவிட்டது. லைட்டுக்கு நேர் கீழேதான் அம்மா படுப்பாள். அந்த வெளிச்சத்தில் எப்படித் தூங்கினாள்? லைட் எரிந்ததா இல்லையா?

இந்த நாலு நாளில் அவன் அந்தப் பக்கமே போகவில்லை. போகப் பயம். இன்று போனான்.

கட்டில் காலியாகக் கிடந்தது. ஆக்சிஜன் மெஷினை மூலையில் தள்ளி, வீடு தேடி வந்து நோயாளிகளைப் பார்க்கிற பாலியேட்டிவ் நர்ஸ் வந்து எடுத்துப் போவதற்காகத் துணி போட்டு மூடியிருந்தார்கள். தலைமாட்டுச் சுவரில், படுத்தபடி கை தூக்கினால் எட்டுகிற உயரத்தில், செல்வா மாட்டிய பிளாஸ்டிக் பெட்டி. லைட்டுக்குக் கரண்ட் கொடுக்கிற சுவர் ஸ்விட்ச் அணைந்திருந்தது. சாவு வீட்டுக் கூட்டத்தில் யாரோ அணைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே போட்டான். பெட்டிக்குள், லைட்டை ஆட்டிவைக்கிற போர்டின் சின்ன நீல வெளிச்சம் எரிந்தது. கரண்ட் இருக்கிறது. கட்டிலோரம் தொங்கிய அப்பாவின் சுவிட்சை எடுத்து அமுக்கினான்.

சுவரில் ஒன்றும் ஓடவில்லை.

மறுபடி அமுக்கினான். இல்லை.

இந்த லைட் கட்டிய நாள் ஞாபகத்துக்கு வந்தது. இது கோயில் கொடைக்குக் கட்டுகிற சாதா சீரியல் லைட் இல்லை. பட்டையில் பொட்டுப் பொட்டாக இருக்கிற ஒவ்வொரு லைட்டுக்குள்ளும் ஒரு துளி சிப் உண்டு. வயர் மொத்தம் மூன்று. சிவப்பும் வெள்ளையும் கரண்டுக்கு, பச்சை சேதிக்கு. யார் எரிய வேண்டும், யார் அணைய வேண்டும் என்று போர்டு பச்சை வழியாகச் சேதி அனுப்பும். முதல் லைட் தன் சேதியை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்த லைட்டுக்குத் தள்ளிவிடும். அது அதற்கடுத்ததற்குத் தள்ளும். கல்லாறு ரிசார்ட்டில் டூரிஸ்ட்கள் செல்ஃபி எடுக்க அவன் ஆற்றோரக் கம்பி முழுக்கச் சுற்றியதும் இதே லைட்தான்.

வீட்டில் முதல் நாள் போட்டபோது மானம் போயிற்று. போர்டுக்கு ஒரு சார்ஜரும் லைட்டுக்கு ஒரு சப்ளையுமாகத் தனித்தனியே கொடுத்தவன், இரண்டின் வெள்ளை வயரையும் சேர்த்து முறுக்க மறந்துபோனான். சேதி புரியாமல் லைட்டெல்லாம் கண்ட நிறத்தில் பைத்தியம் பிடித்து ஆடியது. அப்பா கட்டிலில் கிடந்து சிரித்தார், சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சிரைப்பாகி, அம்மா ஓடி வந்து முதுகைத் தடவ வேண்டியதாயிற்று. பிறகு பட்டையின் வால் பக்கம் லைட் மங்கியது. துவைகல் பக்கம் இன்னொரு தடவை கரண்ட் கொடுத்துச் சரி செய்தான். அப்பா ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார்.

"இந்தப் பச்சை எதுக்குலே?"

"அதுதாம்ப்பா உயிரு. அத மட்டும் யாரும் தொட்டுராதீங்க. அத உருவினா எந்த லைட்டுக்கும் சேதி போகாது."

அம்மாவுக்கும் உதட்டசைத்துச் சொன்னான். பச்சையைத் தொடாதே. அவளும் சரி என்று தலையாட்டினாள்.

செல்வா இப்போது பெட்டியின் மூடியைத் திறந்தான்.

சிவப்பு இருந்தது. வெள்ளை இருந்தது. பச்சை வயர் போர்டிலிருந்து கழன்று வளைந்து தொங்கியது. தானாகக் கழன்றது இல்லை. கழன்றுவிடக் கூடாதென்றுதான் பசையை உருக்கி அதன்மேல் ஊற்றியிருந்தான். அந்தப் பசை பிய்ந்து, ஒரு துண்டு பெட்டிக்குள் விழுந்து கிடந்தது. யாரோ விரலால் பற்றி இழுத்திருக்கிறார்கள். மூன்று வயரில் இது ஒன்றுதான் உயிர் என்று தெரிந்த யாரோ.

அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். கையை உயர்த்திப் பார்த்தான். பெட்டி எட்டியது.

அப்பா.

வேறு யார்? ஐப்பசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஐசியுவில் கிடந்து வந்தாரே, அதற்குப் பிறகு அவர் பழைய ஆள் இல்லை. தொண்டையில் குழாய். அதைப் பிடுங்கிவிடுவார் என்று கை இரண்டையும் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வந்தபிறகும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இருப்பார். இனி கூப்பிட மாட்டேன், யாரும் வர வேண்டாம், என்னைத் தூக்கிப் போக வேண்டாம் என்று அவரே முடிவெடுத்துவிட்டார். கூப்பிடுகிற கயிற்றைத் தானே அறுத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

செல்வாவுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. நாங்கள் எல்லாம் இருக்கிறோமே அப்பா, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அவன் தலையணையில் முகம் புதைத்துக் கிடந்தான். அதில் இன்னும் தைல வாடை அடித்தது.

அழுது ஓய்ந்தபிறகுதான் அவன் மண்டையில் கணக்கு ஓடியது. லைட் எரியவே இல்லை. அப்படியானால் அம்மா தூங்கியது குற்றமே இல்லை. விழித்திருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது. இதை அனுஷாவிடம் சொன்னால் அம்மா தப்பித்தாள். ஆனால் வயரைப் பிடுங்கியது யார் என்று அடுத்து கேட்பாளே! அப்பா சாக ஆசைப்பட்டார் என்பதை அந்தச் செல்ல மகளிடம் எப்படிச் சொல்வது? அம்மாவிடம் சொன்னால் அவள் மிச்ச நாளை எப்படிக் கழிப்பாள்? உன்னோடு இருந்தது போதும் என்று புருஷன் கையைக் கழுவிவிட்டுப் போனான் என்றுதானே அவள் மனசில் விழும்?

அப்பா பெயரும் கெடக்கூடாது, அம்மா பெயரும் கெடக்கூடாது. அப்புறம் மிச்சம் இருக்கிறது யார்? நான்தான். செல்வா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

அனுஷா முன்னறையில் அப்பாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எக்கா, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு லைட்டு எரியல. அம்மா மேல தப்பு இல்ல."

"எரியலன்னா?"

"வயரு ஒண்ணு லூசாக் கெடந்திருக்கு. நான் சரியா மாட்டல. இப்பதான் பாத்தேன்."

அனுஷாவின் கையிலிருந்த வேட்டி நழுவியது.

"என்னது?"

"ஈயத்த உருக்கிப் பத்த வச்சிருக்கணும். கல்லாத்து வேலைக்குப் போற அவசரத்துல சும்மா செருகிட்டுப் போயிட்டேன். கழண்டு போச்சு. அவரு அமுக்கியிருப்பாரு. லைட்டு வரல. அம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

அடி கன்னத்தில் விழுந்தது. அவன் எதிர்பார்த்ததுதான். இரண்டாவதும் விழுந்தது.

"பாவி! ஊராம் பிள்ளை போட்டோ எடுக்கதுக்கு ஆத்தங்கரையில போயி ஒவ்வொரு வயரா உக்காந்து பத்த வச்சியேலே! பெத்த அப்பனுக்குச் செருகிட்டுப் போனியா? எத்தன தடவ அமுக்கினாவளோ! வருவா வருவான்னு வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்திருப்பாவளே!"

செல்வா நின்றான். பொய்தான் என்றாலும் ஒவ்வொரு சொல்லும் வலித்தது. பாதி உண்மையும் அதில் இருந்தது. அன்று அவன் வீட்டில் இருந்திருக்க வேண்டும்.

அனுஷா அவனை விட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினாள். துவைகல்லில் உட்கார்ந்திருந்த அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். முகத்தைத் தூக்கி, உதடு தெரிகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "அம்மா, உம்மேல தப்பில்ல. லைட்டு எரியல. இவன் வயரச் சரியா மாட்டல. நீ என்ன செய்வ? என்ன மன்னிச்சிரும்மா."

பேச்சி மகளைப் பார்க்கவில்லை. தலைக்கு மேலாக, பின்வாசலில் வந்து நின்ற மகனைப் பார்த்தாள். அந்த முகத்தில் நிம்மதி வரும் என்று செல்வா காத்திருந்தான். வரவில்லை. முகம் வெளிறியது. திருட்டில் அகப்பட்டவர்களுக்கு வருமே, அப்படி ஒரு பயம் கண்ணில் வந்து போனது.

"யாரு சொன்னா?" என்று கேட்டாள். "பெட்டியத் தெறந்தியா?"

செல்வா தலையாட்டினான்.

பேச்சி பார்வையை மகன் மேலிருந்து எடுத்தாள். மகளின் தலையில் கையை வைத்தாள். அந்தக் கை தடவவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. வைத்தபடி கிடந்தது.

மத்தியானம் பின்வீட்டு ஸ்ரீஜித் தூக்குப் பாத்திரத்தில் சோறும் புளிசேரியும் கொண்டுவந்தான். ஆட்டோ ஓட்டுகிறவன், கிழக்கேகோட்டை ஸ்டாண்டில். இந்த நாலு நாளும் இந்த வீட்டுக்குச் சோறு அவன் அடுப்பிலிருந்துதான் வருகிறது. பாத்திரத்தை வைத்தவன் போகாமல் நின்றான்.

"செல்வா, அக்கா உன்ன வழக்கு பறஞ்சு திட்டினது எல்லாம் எங்க வீட்டுல கேட்டு," என்றான். அவன் பேசுவது பாதி தமிழ், பாதி மலையாளம். "உன்மேல மட்டும் குற்றம் இல்ல, கேட்டோ. எனக்கும் உண்டு. நயினார் அண்ணன் போன அன்னிக்கு நான் பார்த்ததாணு."

"என்னத்தப் பாத்த?"

"லைட்டு. வெளுப்பினு, விடியக்காலைல, ஃபர்ஸ்ட் டிரிப்புக்கு எறங்கும்போ பாத்தேன். உங்க பின்சுவத்துல அங்கங்க சுவப்பு எரிஞ்சு நிக்குது. ஓடல. சும்மா நிக்குது. நீயல்லே சொன்ன, ஓடினா வரணும், ஓடலன்னா ஒண்ணும் இல்லன்னு? கம்ப்ளெயின்ட் ஆயிருக்கும்னு நினைச்சு நான் வண்டி எடுத்துட்டுப் போயி. திரும்பி வந்தப்போ பேச்சி சேச்சி வாசல்ல இருக்கா, அண்ணன் போயாச்சு. உள்ள கேறினா அண்ணன் மேலெல்லாம் அந்தச் சுவப்பு விழுந்து கெடக்கு. பார்த்து நிக்க முடியல. நான்தான் சுவத்து ஸ்விட்ச் ஆஃப் பண்ணேன்." அவன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான். "அப்போ ஒண்ணு எட்டிப் பார்த்திருந்தா…"

செல்வாவுக்கு அதற்கு மேல் ஒன்றும் காதில் விழவில்லை.

இந்த லைட்டைப் பற்றி இந்த வீட்டில் அவன் ஒருவனுக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. பச்சையைப் பிடுங்கினால் லைட் அணையாது. கரண்ட் இருக்கிறவரை, கடைசியாக வந்த சேதியையே பிடித்துக்கொண்டு நிற்கும், கரண்டை நிறுத்தினால்தான் அதை மறக்கும். இருட்டாக இருக்கும்போது பிடுங்கினால் இருட்டாகவே கிடக்கும். சிவப்பு ஓடும்போது பிடுங்கினால், ஓடின சிவப்பு அந்தந்த இடத்தில் உறைந்து நிற்கும்.

உறைந்து நின்றிருக்கிறது.

அப்படியானால் லைட் எரிந்தது. அப்பா கூப்பிட்டார். பச்சை வயர் அதற்குப் பிறகுதான் பிடுங்கப்பட்டது. உதவிக்குக் கூப்பிட்டுவிட்டு உடனே அதைத் தானே அறுப்பாரா? மூச்சுக்குத் திணறுகிற மனுஷன் கையைத் தூக்கி, பசையோடு சேர்த்துப் பிய்ப்பாரா?

"என்னடா, முகம் ஒரு மாதிரி ஆயிப்போச்சு? சுகமில்லையா?" என்றான் ஸ்ரீஜித்.

"ஒண்ணுமில்ல. நீ போ. ஒம்மேல தப்பில்ல."

அவன் போனதும் செல்வா பின்பக்கம் வந்தான். வெயில் துவைகல்லைச் சுட்டுக்கொண்டிருந்தது. பேச்சி எழுந்திருக்கவே இல்லை, காலையிலிருந்து அங்கேதான். அவளுக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். முகத்துக்கு நேரே முகம். இதை மலையாளத்தில் மறைக்க முடியாது.

"அம்மா. லைட்டு எரிஞ்சுச்சு. இல்லியா?"

அவள் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் தோள் தளர்ந்தது. சுமையை இறக்கி வைக்கிறவள் மாதிரி மூச்சு விட்டாள்.

"எரிஞ்சுச்சு. தூங்கல மக்கா நானு."

"பின்ன?"

"ஓடிப் போனேன். மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடந்தாவ. என்னப் பாத்து என்னமோ சொன்னாவ."

"என்ன சொன்னாரு?"

"தெரியலய." அவள் தன் வாய்மேல் கையைப் பொத்திக் காட்டினாள். "மூஞ்சில அந்த ஆக்சிஜன் மாஸ்க்கு. ஒதடு தெரியல. மாஸ்க்க எடுத்துப் பாக்கலாம்னா, எடுத்தா மூச்சு நின்னுருமோன்னு பயம். கண்ணு மட்டும் என்னயே பாக்கு. கண்ணு பேசினா எனக்கு எப்படிலே வெளங்கும்?"

செல்வாவால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஆனால் குனிந்தால் அவளுக்கு உதடு தெரியாது. நிமிர்ந்தே கேட்டான்.

"ஸ்ரீஜித்த ஏன் கூப்பிடல? வண்டி வாசல்லதான நிக்கும்?"

"சத்தியம் வாங்கியிருந்தாவ." அவள் குரல் ஏறியது, அவளுக்கே தெரியாமல். "ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கே. ஒங்க ரெண்டு பேரு தலையில அடிச்சு. இனிமே என்ன அங்க கொண்டுபோயிக் கட்டிப் போட்டுராத, இந்தக் கட்டில்ல செத்துக்கிடுதேன்னு. நானும் சரின்னேன். பிள்ளைக தலையில அடிச்ச சத்தியம்லா? லைட்டு ஓடிக்கிட்டே கெடந்துச்சு. பின்சுவத்துல பாத்துட்டு ஸ்ரீஜித் வந்துருவான், வந்தா தூக்கிட்டுப் போயிருவான்னுதான் பச்சைய உருவினேன். அணைஞ்சு போவும்னு நெனச்சேன். அணையல. செவசெவன்னு அப்படியே நின்னுச்சு. பக்கத்துல உக்காந்து கையப் பிடிச்சுக்கிட்டேன். கொஞ்ச நேரம்தான்."

"அம்மா…"

"என்னக் காப்பாத்துன்னாவளா, சத்தியத்தக் காப்பாத்துன்னாவளா? நெனச்சு நெனச்சுப் பாக்கேன் மக்கா. தெரியலய எனக்கு. செத்தாலும் தெரியாதுலா?"

செல்வா அவள் கையைப் பிடித்துக்கொண்டான். தப்பு என்று சொல்ல முடியவில்லை, சரி என்றும் சொல்ல முடியவில்லை. அவளுடைய பொய்யையும் தன் பொய்யையும் சேர்த்துக் கட்டி, இப்படியே மூடிவிடலாம் என்று மட்டும் நினைத்தான். ஊரைப் பொறுத்தவரை அவன் மாட்டிய வயர் லூஸ். அவ்வளவுதான். அனுஷா அடித்த அடி அவனோடு போகட்டும்.

அப்போதுதான் பின்வாசலில் நிழல் விழுந்தது.

அனுஷா நின்றாள். கையில் அம்மாவுக்குப் போட்டு எடுத்துவந்த சோற்றுத் தட்டு. எப்போது வந்தாள் என்று கேட்க வேண்டியதில்லை. பேச்சியின் குரல் அடுத்த லைன் வரைக்கும் போயிருக்கும்.

"எக்கா," என்று செல்வா எழுந்தான். வாய் தானாக மலையாளத்துக்கு ஓடியது. "சேச்சீ, இப்போ வேண்டா. பின்னெ சம்சாரிக்காம்." அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்கிறான்.

அனுஷா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டைத் துவைகல்லின் ஓரத்தில் வைத்தாள். அம்மாவுக்கு எதிரில், அவன் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் செல்வாவைப் பயமுறுத்தியது. அம்மாவின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, ஒரு எழுத்துகூடத் தப்பாதபடி, தமிழில், மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா கையில இருந்த சுவிட்ச இன்னொரு தடவ அமுக்கினா லைட்டு நின்னுரும்னு ஒனக்குத் தெரியும். நீதான் தெனமும் நிறுத்துவ. அன்னைக்கு மட்டும் எதுக்கு வயரப் பிடுங்கின? சுவிட்ச நீ கேட்டியா? அப்பா விடமாட்டேன்னுட்டாவளா?"

பேச்சி மகளின் உதட்டைக் கடைசிச் சொல் வரைக்கும் பார்த்தாள். பிறகு கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். இனி யார் என்ன கேட்டாலும் அவளுக்குத் தெரியாது.